சராசரிக்கு ஒன்றும் ஆகவில்லை

எட்டு அங்குலக் குழாய். சுவர்த் தடிமன் 6 மி.மீ., நீளம் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 315 டன் எஃகு. அதில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு பொத்தல் விழ எவ்வளவு எஃகு கரைய வேண்டும்? கணக்குப் போட்டால் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. குழாயின் எடையில் நூறு கோடியில் ஒரு பங்கு. மீதி எஃகு முழுவதும் பத்திரமாக இருக்கிறது. 'தேய்மானம் ஏற்கத்தக்க அளவுக்குள் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பொய் சொல்லவில்லை. சராசரி எடுத்துப் பார்த்தால் குழாய் நலம். குழாய்க்குள் இருந்ததுதான் இப்போது ஊருக்குள் இருக்கிறது.

குழி அரிப்பு என்று இதைப் பாடநூல் சொல்லும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 'பிட்டிங் விழுந்திருக்கு' என்பார்கள். சாதாரணத் துரு நேர்மையானது. தகடு முழுக்கச் சிவந்து, பொருக்கு உதிர்ந்து, 'நான் போகப்போகிறேன்' என்று வருடக்கணக்கில் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் போகும். குழி அரிப்புக்கு அந்த நேர்மை கிடையாது. மேல்பரப்பு பளபளக்கும். அமைச்சர் வந்தால் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். எங்கோ மூலையில் ஊசி முனை அளவில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் புள்ளியை முதலில் பார்ப்பவர் யார்? நிச்சயமாக மேலாளர் இல்லை. தொட்டிக்குள் இறங்கித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பிறகு நடக்கும் உரையாடலைத் தொழிற்பேட்டையில் ஒரு மாதம் வேலை பார்த்த எவரும் மனப்பாடமாகச் சொல்வார்.

"அண்ணே, டேங்க் அடியில கறுப்பா ஒரு புள்ளி இருக்குண்ணே."

"புள்ளிதானடா? கோலமா போடப்போற? தொடச்சிட்டு மேல வா."

"தொடச்சேண்ணே. ஊசி உள்ள போகுது."

"எவ்ளோ போகுது?"

"முழு ஊசியும் போகுதுண்ணே."

"எம்-சீல் வெச்சு அடை. ஷட்டவுன்ல பாத்துக்கலாம்."

"ஷட்டவுன் எப்பண்ணே?"

"ஒடையிற அன்னிக்கு ஷட்டவுன்தான்டா."

இந்தியத் தொழில்துறையின் பராமரிப்புக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லிவிட முடியாது.

தொட்டி எதனால் ஆனது என்று கேட்டால் 'எஸ்.எஸ்., முந்நூத்திநாலு' என்று பெருமையோடு பதில் வரும். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது காற்றோடு சேர்ந்து எஃகின் மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். உப்பு வராதவரை எல்லாம் சுகம். முந்நூற்று நான்குக்கு அண்ணன் முந்நூற்றுப் பதினாறு. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு, உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். கொள்முதல் பிரிவு எதை வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் கடல்நீரிடம் இரண்டும் தோற்கும் என்பது வேறு விஷயம்.

குளோரைடு படலம் முழுவதையும் தாக்குவதில்லை. பலவீனமான இடமாகப் பார்த்து நுழையும். பெரும்பாலும் அது, எஃகு உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட மாங்கனீசு சல்பைடுத் துணுக்கு இருக்கும் இடம். படலம் அங்கே உடைந்ததும் இரும்பும் குரோமியமும் அயனிகளாகக் கரையத் தொடங்கும். அந்த அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலம் உண்டாக்கும். குழிக்குள் நேர்மின்னூட்டம் பெருகுவதால் அதைச் சமன் செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும். குளோரைடு சேர்ந்தால் கரைவது கூடும், கரைந்தால் அமிலம் கூடும், அமிலம் கூடினால் இன்னும் கரையும். வெளியே இருக்கும் நீரைச் சோதித்தால் பி.எச். 7, சுத்தபத்தம். ஒரு மி.மீ. ஆழத்தில், குழிக்குள், பி.எச். 2, சில நேரம் அதற்கும் கீழே. போதாக்குறைக்குக் குழியின் வாயில் துருவே மூடியாகப் படிந்துவிடும். உள்ளே இருக்கும் அமிலம் வெளிநீரோடு கலந்து நீர்த்துப்போகாமல் காப்பது அந்த மூடிதான். குழியோ வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை போல உள்ளே அகன்றுகொண்டே போகும். மூடி நம் விசாரணைக் கமிஷன்களிடம் பாடம் படித்திருக்க வேண்டும். அமைத்தது தெரியும், உள்ளே நடப்பது தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. கரையும் உலோகம் விட்டுச்செல்லும் எலெக்ட்ரான்கள் எங்கே போகின்றன? சுற்றியுள்ள பளபளப்பான பரப்புக்கு. அங்கே நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரைகிற இடம் ஆனோடு, வாங்குகிற இடம் கேத்தோடு. கேத்தோடு எவ்வளவு பெரிதாகவும் ஆனோடு எவ்வளவு சிறிதாகவும் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் குழி ஆழமாகும். அதைவிட முக்கியம், குழி கரைந்துகொண்டிருப்பதனாலேயே சுற்றியுள்ள பரப்பு பாதுகாக்கப்படுகிறது. தகட்டின் பளபளப்பு குழியின் செலவில் கிடைப்பது. அலங்காரப் பேச்சில்லை இது, மின்வேதியியல்.

மீஞ்சூர், அத்திப்பட்டு, செப்பாக்கம், காட்டுப்பள்ளி, எண்ணூர்க் குப்பங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. சென்னை என்ற பெரிய கேத்தோடு பக்கத்தில் இருக்கும்போது ஆனோடாக இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

மீஞ்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த நிலத்தடி நீரைச் சென்னையின் குடிநீருக்கும் மணலியின் ஆலைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினார்கள். நன்னீர் போன இடத்துக்குக் கடல் வந்தது, நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே. கிணறு உப்பானது, வயல் உப்பானது. பிறகு 2010-ல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். யாருக்கு? சென்னைக்கு. உப்பை மீஞ்சூருக்குக் கொடுத்துவிட்டு நீரை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கிணறுகளின் உப்பு நீரில்தான் பின்னாளில் எத்தனையோ வீடுகளுக்குச் சிமென்ட் குழைத்தார்கள். கான்கிரீட்டின் காரத்தில் (பி.எச். 12-க்கு மேல்) கம்பியைச் சுற்றி நல்ல காப்புப் படலம் உருவாகும். உப்பு சேர்ந்தால் அந்தப் படலத்திலும் ஓட்டை. கும்மிடிப்பூண்டி உருட்டாலையில் சிவக்கச் சிவக்க உருட்டி எடுத்த கம்பி, 40 கி.மீ. தாண்டாமலே குழி விழுந்து சாகிறது. சுவரில் வெடிப்பு தெரியும்போது கம்பி பாதி போயிருக்கும். கொத்தனார் மேல் பழி.

அடுத்து, வடசென்னை அனல்மின் நிலையம். முதல் இரண்டு கட்டங்களில் 210 மெகாவாட் அலகு மூன்று, 600 மெகாவாட் அலகு இரண்டு, ஆக 1,830 மெகாவாட். நிலக்கரியை எரித்த சாம்பலை நீரோடு கூழாகக் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும் குறுக்கே வருகின்றன. உள்ளிருந்து சாம்பல் மணல்தாள் போல் தேய்க்க, வெளியிலிருந்து உப்புக் காற்று குழி பறிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட எஃகு என்ன செய்யும்? கசிந்தது. அடைத்தார்கள். ஒரு கஜம் தள்ளிக் கசிந்தது. அடைத்தார்கள். 'கசிவு சரிசெய்யப்பட்டது' என்று ஒவ்வொரு முறை எழுதியதும் உண்மைதான். அந்தக் கசிவு சரிசெய்யப்பட்டது. குழாய்கள் இத்தனை ஆண்டாக ஒழுகியதில் ஆற்றின் தரை சாம்பலால் மேடேறி, மார்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்தவர்கள் முழங்கால் அளவு சாம்பலில் நிற்கிறார்கள். 2016-ல் மீனவர் தரப்பிலிருந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போனது. குழாயை மாற்றுகிறோம் என்றார்கள். கெடு வந்தது, கெடு நீண்டது. 2022-ல் தீர்ப்பு வந்தது, சாம்பலை அகற்றி ஆற்றை மீட்கச் சொல்லி. வழக்குத் தொடுத்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே குழாயில் குழிகள் என்ன வேகத்தில் வளர்ந்தன என்று கேட்டால் வேதியியல் பதில் வைத்திருக்கிறது. கெடு ஏன் நீண்டது என்பதற்கு எந்த இயலிடமும் பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த மின்சாரத்தில் ஓடும் மின்விசிறியின் கீழே எழுதப்படுகிறது, மறைப்பானேன். எலெக்ட்ரான் வாங்கும் பக்கம்தான் நான்.

உப்பு மட்டும் போதாதென்று கந்தகமும் உண்டு. நிலக்கரியின் சல்பர் டை ஆக்சைடு கடல் ஈரத்தில் கரைந்து அமிலமாகித் தகரக் கூரையில் இறங்கும். உப்பும் அமிலமும் கூட்டுச் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சு எம்மாத்திரம்? அதைத் தடுக்க அனல்மின் நிலையங்களின் புகையிலுள்ள கந்தகத்துக்கு வரம்பு கட்டி ஒன்றிய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது; பல நிலையங்கள் கந்தகத்தை நீக்கும் கருவி வைத்தால்தான் அந்த வரம்பை எட்ட முடியும். இரண்டு ஆண்டு கெடு. அது மறுபடி மறுபடி நீண்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு வந்தது. பத்தாண்டு காத்திருந்து விதியையே கரைத்துவிட்டார்கள். மணலிக்கு 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த மாசு மதிப்பெண் 76.32. எழுபதைத் தாண்டினால் 'கடுமையாக மாசுபட்ட பகுதி'. எழுபதைத் தாண்டியதற்காக வருத்தப்பட வேண்டிய தேர்வு அது ஒன்றுதான். 2018-ல் 84.15 வாங்கி முன்னேறியது.

இனி மூக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

குழிகளைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. குழாய்க்குள்ளேயே ஊர்ந்து போய்ச் சுவரை அங்குலம் அங்குலமாகக் காந்தப்புலத்தாலோ மீயொலியாலோ அளந்துவரும் 'பிக்' கருவி உண்டு. அது செலவு. செலவில்லாத முறை, வெளியே பெயின்டில் வட்டம் போட்டு வைத்து, வருடா வருடம் அதே வட்டத்தில் மீயொலிமானியை வைத்துத் 'திக்னஸ்' எடுப்பது. வட்டத்துக்குள் 5.8 மி.மீ. அருமை. குழி அறிவுள்ளதாக இருந்தால் வட்டத்தைப் படித்துப் பார்த்து அதற்குள் வந்து விழுந்திருக்க வேண்டும். அரை அடி தள்ளி விழுந்தது அதன் ஒழுங்கீனம். அதனால் கடைசியில் குழியைக் கண்டுபிடிக்கும் கருவி, பக்கத்தில் வசிக்கும் மனிதனின் மூக்குதான். விலையில்லை, பராமரிப்பு ஒப்பந்தமில்லை, எரிந்துபோனால் வேறொன்று அங்கேயே கிடைக்கும்.

இது நம் நாட்டுக்கே உரிய கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட முடியாது. 2006 மார்ச்சில் அலாஸ்காவின் புருடோ பே எண்ணெய் வயலில் பி.பி. நிறுவனத்தின் குழாயடியில் விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் அரிப்புத் துளை. சுமார் 8 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பனியில் கொட்டியது. அலாரம் காட்டிக்கொடுக்கவில்லை, அந்தப் பக்கமாகப் போன தொழிலாளியின் மூக்கு காட்டிக்கொடுத்தது. அந்தக் குழாயில் கடைசியாக பிக் ஓடியது 1998-ல். 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் தண்டம் கட்டினார்கள்.

நமக்கு அருகில் வந்தால், ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் 'நகரம்' என்று பெயருள்ள கிராமம். 2014 ஜூன் 27 விடியற்காலை கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் எரிந்து போனார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று அமைத்த குழாயில் ஈர வாயுவை ஓட்டியிருந்தார்கள். ஈரம் அடியில் தங்கி, உள்ளிருந்து எஃகை அரித்தது. வாடை வருவதாக முன்பே சொன்னோம் என்றார்கள் ஊரார். சொன்னார்கள்தான். மூக்குகள் வைத்த புகாருக்குக் கோப்பு எண் கிடையாது.

2013-ல் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்திருந்தது. அங்கேயும் வாளியை மோந்து பார்த்த பெண்கள்தான் ஆய்வாளர்கள். நான்கு ஆண்டு கழித்து, 2017 ஜூன் 30, தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய். சிறு கசிவுதான் என்றது நிறுவனம். சிறு கசிவுக்குத் தடியடி நடந்தது. போராட்டத்தில் முன்னின்ற பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள், ஜாமீன் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. குழாயை ஒழுகவிட்டது குற்றமில்லை, ஒழுகுகிறது என்று சத்தம் போட்டது குற்றம். ஓட்டைக்கு ஜாமீனே தேவைப்படவில்லை.

எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி நடந்ததையும் சொல்ல வேண்டும். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடி அமோனியாக் குழாய் கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்து இருட்டில் ஓடினார்கள். கடல்நீரில் அமோனியா லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5. அந்த வழக்கில் துருவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மிச்சாங் புயல் புரட்டிய பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணைக் குழு. சரி, பாறை என்றே வைத்துக்கொள்வோம். புயல் போய் மூன்று வாரம் கடந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் கடலுக்கடியில் குழாய் எப்படியிருக்கிறது என்று இறங்கிப் பார்க்காமல் அமோனியாவைத் திறந்துவிடலாம் என்று முடிவெடுத்தது எந்தப் பாறை? 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தார்கள். சேதத்தைப் பாறை செய்தாலும் அலாரமாக ஊளையிட்டது மறுபடியும் பெரியகுப்பத்துக் குழந்தைகளின் மூக்குதான்.

விஷயம் தெரியாமல் நடக்கிறதென்று யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. துருவைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுக்கும் ஆய்வகம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். மண்டபம் கடற்கரையில் தகடுகளைக் கடல் காற்றில் தொங்கவிட்டு, எந்த உலோகம் எத்தனை நாளில் எப்படிச் சாகும் என்று அவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பாம்பன் பாலம். 1914-ல் வெள்ளைக்காரன் கட்டியது 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். திறக்கும் முன்பே, 2024 நவம்பரில், துரு தொடங்கிவிட்டதென்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரே எழுதினார். ரயில்வே பதிலுக்குப் பூச்சின் அடுக்குகளை மைக்ரான் கணக்கில் ஒப்பித்தது. பூச்சு நல்ல பூச்சாகவே இருக்கட்டும். பூச்சின் சராசரித் தடிமனைப் பார்த்து உப்பு எங்கும் திரும்பிப் போனதில்லை. அது மெல்லிய இடத்தைத்தான் தேடும்.

மெல்லிய இடம் எங்கே என்று சொல்லச் சொல்கிறேன், அவ்வளவுதான் கோரிக்கை. சராசரித் தேய்மானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டறிக்கையில் வண்ணத்தில் அச்சடியுங்கள். ஆலையிலேயே மிக ஆழமான குழி எந்தக் குழாயில் இருக்கிறது, எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது, மிச்சம் எத்தனை மி.மீ., உள்ளே ஓடுவது என்ன? இதைத் தமிழிலும், உள்ளே வேலை செய்கிறவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாசலில் மாட்டுங்கள். புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்துள்ள ஆலை தன் ஆபத்துகளைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பிரிவை அச்சடித்து எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டையின் ஏதாவதொரு கேட்டுக்குப் போய்ப் பாருங்கள். காவலாளி உங்கள் ஆதார் அட்டையைக் கேட்பார். எந்த ஊர், யார் அனுப்பியது, எந்தக் கட்சி, எந்தப் பத்திரிகை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்வார். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஆபத்துகளைப் பதிவு செய்வதில் அவர்கள் குறை வைப்பதில்லை.